காளஹஸ்தியிலிருந்து நேராக வீட்டுக்கு

பாப்பா, தம்பி, இது உங்கள் இரண்டு பேருக்கும்தான். போன வாரம் சைக்கிள் கடையில் நான் செய்தது உங்களுக்கு மானக்கேடாகப் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். ஆசை ஆசையாய்க் கியர் சைக்கிள் எடுத்த இடத்தில், பின்னால் காரியர் வைத்துத் தந்தால்தான் ஆயிற்று என்று நின்றேன். இந்த மாடலுக்கு யாரும் காரியர் வைப்பதில்லை என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். தம்பி என் காதோரம் வந்து, பால் கேன் மாட்ட ஒரு கொக்கியும் கேளு நைனா என்றான். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் காரியரை விடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் போனில் ஒரு நீலக் கோட்டைக் காட்டினீர்கள். புத்தூர், நாராயணவனம், நாகலாபுரம், சுருட்டப்பள்ளி, வரதய்யபாளையம், காளஹஸ்தி, ஏர்பேடு, ரேணிகுண்டா என்று சுற்றி வந்து நகரியில் முடிகிற கோடு. திருப்பதியிலிருந்து சைக்கிளில் வருகிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்து ஆறு, மலை, பழைய கோயில் எல்லாம் பார்த்துக்கொண்டு போகப்போவதாகச் சொன்னீர்கள். நான் எழுந்து தறிக் கொட்டகைக்குப் போய்விட்டேன். நைனா கோபமாகப் போகிறார் என்று பாப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கோபமில்லை. அந்தக் கோட்டின் மேல் நான் ஏற்கெனவே ஒரு முறை மிதித்திருக்கிறேன்.

நான் ஆறாவது படித்த வருஷம் அது. என் நைனா, அதாவது உங்கள் தாத்தா, அப்போது இன்னொருவருடைய பவர்லூம் கொட்டகையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கறுப்புச் சைக்கிள் இருந்தது. கோயிலானாலும் கல்யாணமானாலும் அதில்தான். பஸ்ஸில் போனால் ஊரும் நம்மைப் பார்க்காது, நாமும் ஊரைப் பார்க்க முடியாது என்பார். அந்தச் சைக்கிளின் காரியரில் ஒரு துண்டு எப்போதும் நாலாக மடித்துக் கிடக்கும். அது அத்தைக்காகப் போட ஆரம்பித்தது. அத்தை நைனாவுக்கு ஒரே தங்கை. பள்ளிக்கூடம் போகிற வயதில், காரியர் கம்பி குத்துகிறது என்று பாதி வழியில் இறங்கி அழுதாளாம். அன்றிலிருந்து துண்டை மடித்துப் போட்டுத்தான் உட்காரவைத்துக் கூட்டிப்போவாராம். தங்கை கல்யாணமாகிப் போன பிறகும் துண்டு போகவில்லை.

அத்தையை ஏர்பேட்டில், வேர்க்கடலை போடுகிற ஒரு வீட்டில் கொடுத்திருந்தார்கள். தறியில் மிஞ்சிய லுங்கித் துணியில் அம்மா அவளுக்கு ஒரு பை தைத்துக் கொடுத்திருந்தாள். பச்சைக் கட்டம் போட்ட பை. அத்தை நகரிக்கு வரும்போதெல்லாம் அந்தப் பை நிறைய வறுத்த கடலை வரும். என்னைப் பொறுத்தவரை அத்தை என்றால் அந்தப் பைதான். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் குழந்தை இல்லை என்பதும், மாமா குடித்துவிட்டுக் கையை ஓங்குவார் என்பதும் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிற சங்கதிகள். பெரியவர்கள் குரலைத் தாழ்த்தினால் நான் விளையாடப் போகிற நேரம் என்று அர்த்தம்.

அந்த வருஷம் தீபாவளிக்கு வந்த அத்தை, பண்டிகை முடிந்தும் கிளம்பவில்லை. தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு இல்லை. ஊர் என்ன பேசும் என்று அம்மா கவலைப்பட்டாள். கடைசியில் நைனாதான் பேசி முடித்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்கினு போமே. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு அவனுக்கும் புத்தி வரும்."

நைனா காரியரில் துண்டைச் சரிசெய்து அவளை உட்காரவைத்து, பஸ் ஸ்டாண்டுக்கு மிதித்தார். நான் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடினேன், அடுத்த முறை நிறையக் கடலை கொண்டுவரச் சொல்வதற்காக.

அனுப்பிவிட்டாரே தவிர நைனாவுக்கு மனசு ஆறவில்லை. புத்தூரில் ஒரு ஜோசியரிடம் அத்தையின் ஜாதகத்தைக் காட்டினார். ராகு கேது தோஷம், காளஹஸ்தியில் பூஜை செய்ய வேண்டும் என்று அவர் சொன்னார். அத்தையை அனுப்பச் சொல்லிக் கேட்டதற்கு மாமா வீட்டில் முடியாது என்றுவிட்டார்கள். காளஹஸ்தி அவர்களுக்குக் கூப்பிடு தூரம், அதற்கே அனுப்பவில்லை. பிறந்த வீட்டார் அவள் பேரில் செய்தாலும் பலிக்கும், உடம்பை வருத்திப் போனால் இன்னும் விசேஷம் என்று ஜோசியர் வழி சொன்னார். உடம்பை வருத்துவது என்றதும் நைனா சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நேராகப் போனால் காளஹஸ்தி ஒரு நாள் வழி. நைனா நேராகப் போகவில்லை. ஒரு குடும்பம் சரியாவதற்கு எந்தெந்தச் சாமி உதவக்கூடுமோ அத்தனை பேரையும் வழியில் கேட்டுக்கொண்டு போவது என்று முடிவு செய்தார். சங்கராந்தி லீவு விட்டிருந்தார்கள். நானும் வருகிறேன் என்று சோறு துன்னாமல் அடம் பிடித்தேன். பழைய சைக்கிள் ஒன்று, உட்கார்ந்தால் கால் எட்டுகிற உயரத்தில், எனக்கும் இருந்தது. அவருக்கு அது வேண்டுதல். எனக்கு டூர்.

காலைப் பனியில் நகரி மூக்கு என்கிற அந்தப் பாறை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. புத்தூர் தாண்டி நாராயணவனத்தில் முதல் சாமி. பெருமாளுக்குக் கல்யாணம் நடந்த ஊர் அது. கல்யாணத்துக்கு அரைத்ததாகச் சொல்லி ஒரு பெரிய கல் திரிகையைக் கோயிலில் வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. நைனா அதைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிச்சாட்டூரில் ஆரணி ஆற்றில் முழங்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காலை நனைத்துக்கொண்டு புளிச்சோறு தின்றோம். அதற்கப்புறம் மலை பக்கத்திலேயே கூட வந்தது. நாகலாபுரத்துக் கோயில் வாசலில் நின்று, ஒரு ராஜா தன் அம்மா பேரில் கட்டின ஊர் இது என்று நைனா சொன்னார். நாம் யார் பேரில் என்ன கட்டப்போகிறோம் என்று கேட்டேன்.

"ராஜாவால ஊரு கட்ட முடிஞ்சுது. நம்மால மிதிக்கத்தான் முடியும். மிதி."

சுருட்டப்பள்ளியில் சிவன் படுத்துக்கொண்டிருந்தார். சிவன் படுத்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஏன் படுத்திருக்கிறார் என்று கேட்டதற்கு, விஷம் குடித்துவிட்டார், மயக்கம், அம்மன் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார் என்று நைனா சொன்னார். செத்துப்போய்விடுவாரா என்று கேட்டேன். பக்கத்தில் ஒரு கிழவர் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் யாரும் சாக மாட்டார்கள் என்றார். அது எனக்கு நல்ல பதிலாகத் தோன்றியது.

வரதய்யபாளையத்தில் தெரிந்தவர் வீட்டில் தூங்கினோம். மறுநாள் தைல மரங்களுக்கு நடுவே செம்மண் பறக்கிற ரோட்டில் போனோம். என் செயின் கழன்று கழன்று விழுந்தது. தொடை இரண்டும் எரிந்தன. இறங்கித் தள்ளவா என்று கேட்டால், தள்ளுவது வேண்டுதலில் சேராது என்பார். ஆனால் ஏற்றம் வந்தால் அவர் ஒரு கையால் என் சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே மிதிப்பார். அது மட்டும் வேண்டுதலில் எப்படிச் சேர்ந்தது என்று நான் கேட்கவில்லை.

காளஹஸ்தியில் அப்போது பழைய பெரிய கோபுரம் நின்றுகொண்டிருந்தது. நீங்கள் பார்த்தது புதிது. பொன்முகலி ஆற்றில் குளித்துவிட்டு, அடுத்த நாள் காலையில் வரிசையாக உட்கார்ந்தவர்களோடு நாங்களும் பூஜைக்கு உட்கார்ந்தோம். யார் பேரில் என்று ஐயர் கேட்டபோது நைனா அத்தையின் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். சத்தம் போதவில்லை. ஐயர் மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று நினைத்தேன்.

பூஜை முடிந்ததும் ஐயர் எல்லோருக்கும் பொதுவாகத் தெலுங்கில் சொன்னார்: "நேருகா இன்ட்டிக்கே வெள்ளண்டி. எக்கடா ஆகொத்து." நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும், எங்கேயும் நிற்கக் கூடாது. நம் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். காளஹஸ்தி முடிந்தால் வேறு கோயில் இல்லை, சொந்தக்காரர் வீடு இல்லை, யார் கையிலிருந்தும் எதுவும் வாங்குவதில்லை. ஏன் என்று கேட்டேன். சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே நைனா சொன்னார்.

"இங்க கழிச்ச தோஷம் கொஞ்ச தூரம் கூடவே வரும். நாம எந்த வூட்டாண்ட நிக்கறமோ அந்த வூட்ல எறங்கிடும்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. தோஷம் கூடவே வருவதென்றால் எங்கே உட்கார்ந்து வரும்? வரும்போது நைனாவின் காரியரில் அரிசி மூட்டையும் பாத்திரமும் இருந்தன. அரிசி தீர்ந்துபோயிருந்தது. பாத்திரத்தையும் போர்வையையும் சேர்த்து ஒரே கட்டாக என் காரியரில் கட்டச் சொல்லி நானே கேட்டு வாங்கியிருந்தேன், அவ்வளவு பெரிய சைக்கிள்காரனாக ஆகிவிட்டேன் என்று காட்டுவதற்காக. அதனால் நைனாவின் காரியர் காலி. மடித்த துண்டு மட்டும் இருந்தது. தோஷம் அந்தத் துண்டின் மேல்தான் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது என்று முடிவு செய்து, நான் அவருக்குப் பின்னால் போகாமல் பக்கத்திலேயே மிதித்தேன்.

ஏர்பேடு வழியில்தான் வரும், வேறு ரோடு இல்லை. ஊர் நெருங்க நெருங்க நைனா வேகமாக மிதித்தார். அத்தை வீட்டுச் சந்து மெயின் ரோட்டில் வந்து சேருகிற இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். தூரத்திலிருந்து எனக்குப் புடவை தெரியவில்லை, பை தெரிந்தது. பச்சைக் கட்டம். நான் மணியை அடித்துக்கொண்டே போனேன்.

நைனா பிரேக் போட்டார். ஆனால் சீட்டை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைக்கூடத் தரையில் ஊன்றாமல், ரோட்டோரத்து மைல் கல்லின் மேல் வைத்துக்கொண்டார்.

அத்தையின் ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. முகத்தில் பவுடர் போட்டிருந்தாள். நைனாவைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமான சிரிப்பு.

"எங்கேர்ந்துண்ணா வர? நான் உன்னத்தான் நெனச்சிக்கினு நின்னேன்."

"காளாஸ்திலேர்ந்துமே. உம்பேர்ல பூஜை பண்ணிக்கினு வரேன்."

சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. அவள் நைனாவைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த காரியரைப் பார்த்தாள், அதிலிருந்த துண்டைப் பார்த்தாள். பையில் இருக்கிற கடலையை அதில் வைத்துக் கட்டலாமா என்று யோசிக்கிறாள் என்று எனக்குப் பட்டது. யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்கிற வழக்கம் ஞாபகத்துக்கு வந்து எனக்கு அழுகையே வந்தது.

"பையோட எங்கமே கெளம்பிட்ட?" என்று நைனா கேட்டார்.

"எங்கயும் இல்லண்ணா. சும்மா. கடையாண்ட வந்தேன்." பையைப் புடவைத் தலைப்புக்குள் தள்ளிக்கொண்டாள். "நீ நிக்காத. நேரா வூட்டுக்குப் போ. பண்ணதெல்லாம் வீணாப்பூடும்."

"வர்ற வெள்ளிக்கெழமை வரேன். அவன்கிட்ட ஒக்காந்து பேசறேன். அதுவரைக்கும்…"

"பொறுத்துக்கினு கீறேன். நீ போண்ணா."

என் தலையில் கை வைக்க வந்தவள், வழக்கம் நினைவுக்கு வந்தோ என்னவோ கையை இழுத்துக்கொண்டாள். நைனா காலை எடுத்தார். நான் போகிறதற்கு அடையாளமாக இரண்டு முறை மணி அடித்தேன். திரும்பிப் பார்த்தபோது அத்தை சந்துக்குள் நடந்துகொண்டிருந்தாள். பையும் அவளோடு திரும்பிப் போயிற்று. ரேணிகுண்டா வரைக்கும் எனக்கு அந்தக் கடலையின் நினைவாகவே இருந்தது.

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனோம். எங்கேயும் நிற்கவில்லையே என்று அம்மா கேட்டாள். நிற்கவில்லை என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அன்றைக்கு நைனா வயிறு நிறையத் தின்றார். இனிமேல் அவள் நல்லா இருப்பாள் என்று அம்மாவிடம் சொன்னார். தீபாவளிக்கு அப்புறம் அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை வரவேயில்லை. அதற்கு முன்னாலேயே தெருமுனைக் கடைக்குப் போன் வந்தது. அத்தைக்கு வயிற்று வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டாள் என்றார்கள். வயிற்று வலி என்பது நம் பக்கத்தில் பெண்கள் உயிரை மாய்த்துக்கொள்வதற்கு வைத்திருக்கிற மரியாதையான பெயர். எனக்கு அப்போது அது வெறும் வயிற்று வலிதான். எனக்கும் அடிக்கடி வரும், ஓமத் தண்ணீர் குடித்தால் போய்விடும். ஓமம் இல்லாத வீடா அது என்று ஆச்சரியப்பட்டேன்.

பஸ்ஸில் போனோம். அந்த வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள், எனக்குப் பசித்தது. உள் அறையில் கதவுக்குப் பின்னால் ஆணியில் பச்சைக் கட்டம் போட்ட பை தொங்கிக்கொண்டிருந்தது. கையை விட்டேன். கடலை இல்லை. ஒரு புடவை வந்தது. உள்ளே இன்னொரு புடவை, ஜாக்கெட், சீப்பு, பவுடர் டப்பா. கடலைப் பையில் யாராவது புடவை வைப்பார்களா என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தால் நைனா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பையை வாங்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எடுத்த மாதிரியே மடித்து வைத்தார். அப்புறம் அந்த அறையிலேயே, சுவரைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமாவை அடிக்கப் போன ஆட்களைத் தடுக்கக் கூப்பிட்டார்கள். அதற்கும் எழுந்திருக்கவில்லை.

நகரிக்குத் திரும்பிய அன்றைக்கே அவர் ஸ்பேனரை எடுத்துத் தன் சைக்கிளின் காரியரைக் கழற்றினார். துரு ஏறிய போல்ட். கையில் ரத்தம் வந்தது. கழற்றிக் கொட்டகைப் பரண் மேல் போட்டுவிட்டார். அதற்கப்புறம் அவர் சாகும்வரை காரியர் இல்லாத சைக்கிளில்தான் போனார். நூல் கட்டைத் தோளிலேயே சுமந்தார். முன்னால் பாரில் என்னை உட்காரவைப்பாரே தவிரப் பின்னால் யாரும் ஏறவில்லை. பொண்டாட்டி ஏறிடுவான்னு கழட்டிப் போட்டியா என்று தறிக்காரர்கள் கேலி செய்வார்கள். நான் ஒரு முறை காரணம் கேட்டேன். கனமா கீது என்றார். சைக்கிள் விஷயம் தெரிந்தவன் என்ற முறையில் நான் அதை ஒத்துக்கொண்டேன். எங்கள் நைனாவுடையது ரேஸ் சைக்கிள் மாதிரி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பாப்பா, நீ பிறக்கும் முன் உன் அம்மாவுக்கு வலி எடுத்தபோது, திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நான்தான் பை கட்டினேன். அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்து வைத்தேன். இரண்டு புடவை, ஜாக்கெட், சீப்பு, பவுடர் டப்பா. ஆஸ்பத்திரியில் பையைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பெண் சட்டென்று திரும்பி வராத இடத்துக்குக் கிளம்பினால் எடுத்து வைப்பது அவ்வளவுதான். அன்றைக்கு அத்தை கடைக்கு வரவில்லை. பஸ்ஸுக்குத்தான் நின்றிருக்கிறாள். பஸ்ஸுக்குப் பதிலாக அண்ணனே வந்தான், துண்டு மடித்த காலிக் காரியரோடு. அவள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அவன் நிற்கவில்லை. அவளும் அதற்காகவே அவனை நிற்கவிடவில்லை. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுததை உங்கள் தாத்தா பார்த்தார். பேத்தி பிறந்த சந்தோஷம் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

நீங்கள் போங்கள். அந்த ஆறும் மலையும் பார்க்க வேண்டியவைதான். காளஹஸ்தியில் சாமி கும்பிடுங்கள், நான் சாமியைக் குறை சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் யாராவது கையில் பையோடு நின்றால், எதுவும் இல்லை, சும்மா என்று அவர்கள் சொன்னாலும், இறங்கி நில்லுங்கள். காரியர் அதற்குத்தான்.

முந்தாநாள் தறிப் பாவு நூல் விஷயமாகப் போகிறேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேனே, அது பாவு விஷயமில்லை. விடிந்ததும் பரண் மேலிருந்து தாத்தாவின் காரியரை எடுத்து, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, அவர் சைக்கிளில் பூட்டினேன். காளஹஸ்தி வரைக்கும் மிதித்துப் போய், ராத்திரி அங்கே தங்கி, நேற்று காலையில் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். ஏர்பேட்டில் ரோடு அகலமாகிவிட்டது, மைல் கல் இல்லை, சந்து முனையில் செல்போன் கடை இருக்கிறது. அங்கே இறங்கிக் காலைத் தரையில் ஊன்றினேன். தோளிலிருந்த துண்டை எடுத்து நாலாக மடித்துக் காரியரில் போட்டேன். ஒருவர் ஏறி உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொள்கிற நேரம் வரைக்கும் ஹேண்டில் பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, பின்னால் பாரம் இருந்தால் மிதிக்கிற மாதிரி, மெதுவாக மிதித்து வீட்டுக்கு வந்தேன்.